ஆணையை உறுதி செய்தவர்

வண்டியில் என்ன கோளாறு என்று கேட்டால், ஓடுகிறது என்றார்கள்.

வேதாரண்யம் பைபாஸில் உள்ள கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் தையல்நாயகி கேட்காத புகார் இல்லை. கிளப்பினால் கிளம்ப மாட்டேன் என்கிறது, மேடு ஏறினால் இருமுகிறது, மழை பெய்தால் படுத்துக்கொள்கிறது என்று வண்டிக்காரர்கள் பெற்ற பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு வருவார்கள். அன்று காலை வைரக்கண்ணுவின் லோடு வண்டியை இழுவை வண்டியில் கட்டிக் கொண்டுவந்தபோது மட்டும் புகார் சொன்னது வண்டிக்காரர் இல்லை, கம்பெனி. வைரக்கண்ணு டிரைவர் சீட்டை விட்டு இறங்கவே இல்லை. நல்லா ஓடுற வண்டியை எதுக்குடா இழுக்குறீங்க என்று வழி நெடுகக் கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது.

கம்பெனி சொன்னது இதுதான்: போன மாதம் அமைதி வட்டம் போட்டிருந்தபோது இந்த வண்டி வட்டத்துக்குள் ஓடியிருக்கிறது. பம்ப் மாட்யூலில் கோளாறு. கண்டுபிடித்து மாற்ற வேண்டும். இன்றைக்கே.

அமைதி வட்டம் என்று பெயர். பெயர் வைப்பதில் மட்டும் நம்மவர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சில வருடங்களுக்கு முன் எங்கோ ஒரு கலவரத்தில் ஒருவன் லாரியைக் கூட்டத்துக்குள் விட்டான். அதற்குப் பிறகு வந்த சட்டம் இது. எங்கே பதற்றம் என்று நினைக்கிறார்களோ அந்த இடத்தைச் சுற்றி வரைபடத்தில் ஒரு வட்டம் போடுவார்கள். உள்ளே இருக்கும் வண்டிகளுக்கெல்லாம் ஆணை பறக்கும். டேங்கிலிருந்து எஞ்சினுக்கு எண்ணெயை ஏற்றும் பம்ப் நின்றுவிடும். டேங்க் தளும்பத் தளும்ப இருந்தாலும் எஞ்சினுக்குச் சொட்டுப் போகாது. பம்பை ஆட்டி வைக்கிற மாட்யூல், கம்பெனி செய்து தருகிற ஒரு சோப்புக் கட்டி அளவுப் பெட்டி. அதற்குத்தான் ஆணை. தடியடி இல்லை, கண்ணீர்ப் புகை இல்லை, துப்பாக்கி இல்லை, வண்டி மட்டும் நிற்கும் என்றபோது ஊரே கைதட்டியது. தையல்நாயகியும் கைதட்டினாள். வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை வரை ஒவ்வொரு வண்டிக்கும் அந்த மாட்யூலைப் பூட்டியவளே அவள்தான். உரிமம் பெற்ற மெக்கானிக் அந்தப் பக்கத்தில் அவள் ஒருத்திதான்.

கலவரத்துக்கென்று வந்த வட்டம் கொஞ்ச நாளில் எல்லாவற்றுக்கும் பழகிவிட்டது. வேட்புமனு நாளில் போட்டார்கள். பெரிய மனிதர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போட்டார்கள். உப்பளங்களை ஒரு துறைமுகத் திட்டத்துக்குக் கொடுக்கலாமா என்று நாகப்பட்டினத்தில் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தால் தவறாமல் போட்டார்கள். கூட்டத்துக்கு உப்பளத்து ஆட்கள் வந்து சேரவில்லை, ஆகவே ஆட்சேபணை இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். கடைசிக் கூட்டம் நாளைக்கு. நாளைக்கும் ஆள் போகாவிட்டால் அளம் போயிற்று.

திருச்சியிலிருந்து மண்டல மேலாளர் ஜெயசீலன் நேரிலேயே வந்திருந்தார். சட்டைக் காலருக்குள் கைக்குட்டையைச் செருகிக்கொண்டு, சத்தம் உயராமல் பேசுகிற மனிதர். புது மாட்யூல் இருந்த பெட்டியை அவரே கையில் வைத்திருந்தார். முழுக்க ரப்பரால் மூடியது, இனிமேல் தண்ணீர் போகாது என்று காட்டினார்.

தையல்நாயகி யார் சொன்னாலும் பார்க்காமல் எதையும் கழற்ற மாட்டாள். வண்டியை லிஃப்டில் ஏற்றினாள். சாவியைத் திருப்பிவிட்டு டேங்க் ஓரம் காதை வைத்தாள். பம்ப் முனகிக்கொண்டு எழுந்தது. எண்ணெய் போகும் குழாயில் கேஜை மாட்டினாள். அழுத்தம் சரியாக இருந்தது. ஃபியூஸ் சரி, எர்த் சரி, பம்புக்குப் போகும் மின்சாரமும் சரி. டாக்டரிடம் நாடியைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் திடகாத்திரமான ஆள் மாதிரி வண்டி நின்றது.

பிறகு அடியில் போய், சேசிஸ் கட்டையில் திருகியிருந்த மாட்யூலைப் பார்த்தாள். கனெக்டரைப் பிடுங்கியதும் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி கொட்டியது. உப்பு. ஈர உப்பு ஏற்றினால் பலகை இடுக்கு வழியாக அளத்துத் தண்ணீர் சொட்டும். அது நேரே இந்தப் பெட்டி மேல்தான் விழும். கனெக்டரின் தடித்த பின்கள் கறுத்திருந்தாலும் பிழைத்துக் கிடந்தன. ஒரே ஒரு மெல்லிய பின் இருந்த இடம் தெரியாமல் கரைந்து போயிருந்தது. ஆணை வந்தால் பம்பை நிறுத்துகிற வேலை அந்தப் பின்னுடையது.

மற்ற வண்டிகளுக்கு ஏன் இது நேரவில்லை என்பதில்தான் வேடிக்கை. அந்தப் பக்கத்து உப்பு வண்டிக்காரர்கள் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை வண்டிக்கு அடியில் கழிவு ஆயிலைக் குழைத்துப் பூசிவிடுவார்கள். துரு ஏறாது, உப்பு பிடிக்காது. கம்பெனிக்கு அது ஆகாது. ஆயில் பூசினால் வாரண்டி கிடையாது என்று ஒர்க்‌ஷாப் சுவரிலேயே எழுதி ஒட்டியிருந்தது. எல்லோரும் தலையை ஆட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பூசிக்கொண்டார்கள். வைரக்கண்ணு ஒருவர்தான் கம்பெனி சொன்ன பேச்சைக் கேட்டவர். அடிபணிந்த வண்டிதான் அடங்காத வண்டியாகிவிட்டது.

தையல்நாயகிக்குச் சிரிப்பு வந்தது. ஜெயசீலனிடம் அதைச் சொன்னபோது அவருக்கும் உதட்டோரம் லேசாக அசைந்தது. சரி, மாற்றுங்கள் என்றார்.

மாற்றுவதற்கு முன் பழைய மாட்யூலின் நினைவில் இருப்பதைப் படித்து எடுத்துவைப்பது முறை. ஸ்கேனரைச் செருகினாள். இதற்கு முன்னால் அவள் பிரித்த மாட்யூல்களெல்லாம் கருகியோ செத்தோ வந்தவை, அவற்றில் படிக்க ஒன்றும் இருக்காது. உயிரோடு இருக்கும் மாட்யூலை அவள் படிப்பது இதுவே முதல் தடவை. திரையில் வரிசையாக வந்தது. நிறுத்த ஆணை வந்தது. ஆணை ஏற்கப்பட்டது. பம்பை நிறுத்த முயன்றது. முடியவில்லை. அதற்குக் கீழே, ஆணையை உறுதி செய்தவர்: தையல்நாயகி, வேதாரண்யம். அதற்கும் கீழே, மேலொப்பம்: ஜெயசீலன், திருச்சி.

அவள் கீழே தள்ளிப் பார்த்தாள். ஒவ்வொரு ஆணைக்கும் அதே இரண்டு பெயர்கள். போன மாதம் வட்டம் போட்ட நாளிலும் அவள் பெயர்.

அந்த நாளை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த அஞ்சம்மாள் வெயில் தாங்காமல் சுருண்டு விழுந்தாள். பக்கத்தில் நின்ற வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். பாதி வழியில், மதகுக்கு அருகில் வண்டி நின்றுவிட்டது. ஆம்புலன்ஸை வட்டம் தடுக்காது என்பது உண்மைதான். ஆனால் ஆம்புலன்ஸ் நாகப்பட்டினத்திலிருந்து வர வேண்டும். கோடியக்கரைப் பக்கம் போயிருந்த வைரக்கண்ணு செய்தி கேட்டு ஓடிவந்து, நின்ற வண்டியிலிருந்து அவளைத் தன் வண்டிக்கு மாற்றி ஆஸ்பத்திரி கொண்டுபோனார். அதற்குள் அஞ்சம்மாள் போய்விட்டாள். தையல்நாயகி அந்தச் சாவுக்குப் போய் மாலை போட்டுவிட்டு வந்தவள். மதகுக்கு அருகில் நின்ற வண்டியின் மாட்யூலையும் அவள்தான் பூட்டியிருந்தாள்.

ஸ்கேனரை ஜெயசீலன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“என் பேரைச் சொல்லியா சார் அஞ்சம்மா போன வண்டியை நிறுத்துனீங்க?”

ஜெயசீலன் திரையைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். அவரும் அதை எழுத்தில் பார்த்ததில்லை என்று தெரிந்தது. விளக்கம் மட்டும் சொன்னார். சட்டம் வந்தபோது கோர்ட் ஒரு நிபந்தனை போட்டது. எவனாவது திருட்டு ஆணை அனுப்பிப் பாலத்தின் மேல் பஸ்ஸை நிறுத்திவிடக் கூடாது. ஆகவே மாட்யூலைப் பூட்டிய உரிமக்காரரின் பெயர் முத்திரையோடு வந்தால்தான் அது ஆணையை நம்பும். அந்தப் பெயர் செல்ல வேண்டுமானால் மேலே இருப்பவரின் பெயரும் செல்ல வேண்டும். உரிமம் வாங்கும்போது கட்டைவிரல் வைத்தீர்களே, அதற்கு அதுதான் அர்த்தம் என்றார்.

“நான் வண்டி சரி பண்றதுக்குத்தான் கட்டைவிரல் வச்சேன்” என்றாள் தையல்நாயகி.

வைரக்கண்ணு அதுவரை ஓரமாக உட்கார்ந்து பீடியைப் பற்றவைக்காமல் உருட்டிக்கொண்டிருந்தார். எழுந்து வந்தார். அவர் கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்குத் தாங்கியிருக்கும். “உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும் தங்கச்சி” என்றார். “ஆனா இனிமே தெரியாதுன்னு சொல்ல முடியாதுல்ல.”

அவ்வளவுதான் சொன்னார். திரும்பிப் போய் அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

தையல்நாயகி புது மாட்யூல் பெட்டியை எடுத்து ஜெயசீலன் கையில் திருப்பிக் கொடுத்தாள். கரைந்த கனெக்டரைத் துடைத்துப் பழைய மாட்யூலிலேயே மாட்டினாள். வண்டியை லிஃப்டிலிருந்து இறக்கினாள். நான் பூட்ட மாட்டேன் என்று நிதானமாகச் சொன்னாள்.

ஜெயசீலன் கோபப்படவில்லை. நீங்கள் பூட்டாவிட்டால் இன்னொருவரை அனுப்பப் போகிறேன், ஒரு வண்டியால் என்ன ஆகிவிடும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். மற்ற வண்டிகளெல்லாம் நாளைக்குக் காலையில் அவள் பெயருக்குக் கட்டுப்பட்டு மதகுப் பக்கம் வரிசையாக நிற்கப் போகின்றன.

“அப்ப என் பேரை எடுத்துட்டா?” என்றாள்.

பதில் இரண்டு பேருக்குமே தெரியும். பெயர் செல்லாத ஆணையை மாட்யூல் மதிக்காது. புது ஆள் உரிமத்தோடு வந்து ஒவ்வொரு வண்டிக்கும் அடியில் படுத்து எழுந்து தன் பெயரில் கட்டி முடிக்கும் வரை, அவள் பூட்டிய ஒரு வண்டியையும் யாராலும் நிறுத்த முடியாது.

“நீங்க உணர்ச்சிவசப்படுறீங்க. உரிமத்தை ஒப்படைச்சா திரும்பக் கிடைக்காது, தெரியுமில்ல? சட்டப்படி நீங்க ஆயுசுக்கும் ஒரு வண்டியில நட்டைக்கூடத் தொடக் கூடாது.”

தெரியும். பாலிடெக்னிக்கில் அத்தனை பையன்களுக்கு நடுவில் ஒருத்தியாகப் படித்தவள். பொம்பளைக்கு எதுக்கு ஸ்பேனர் என்று கேட்ட வாய்களை வேலையாலேயே அடைத்தவள். எஞ்சின் சத்தத்தைக் கேட்டு எந்தத் தெருவில் யார் வண்டி போகிறது என்று சொல்லுவாள். அவளுக்கு வேறு எந்த வேலையும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை. நாளைக்குக் காலையிலிருந்து இந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நினைத்தபோது அழுகை வந்தது. வந்தால் வரட்டும் என்று அழுதுகொண்டே கம்பெனி கொடுத்திருந்த டேப்லெட்டை எடுத்து, உரிமத்தை ஒப்படைக்கிறேன் என்ற இடத்தில் கட்டைவிரலை வைத்தாள்.

டேப் அவளை உடனே விட்டுவிடவில்லை. மேலதிகாரி ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது என்று சொன்னது. மேலதிகாரி எதிரில்தான் நின்றுகொண்டிருந்தார்.

ஜெயசீலன் தன் டேப்பில் வந்த செய்தியைப் பார்த்தார். ஒப்புதல் கொடுக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. புதுப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காரில் ஏறினார். ஏறுவதற்கு முன் வைரக்கண்ணுவிடம் வண்டியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். நாளை மறுநாள் வேறு ஆள் வந்து மாற்றுவார் என்றார். இன்றைக்கே மாற்ற வேண்டும் என்று வந்தவர் இப்போது நாளை மறுநாள் என்கிறாரே என்று தையல்நாயகி நினைத்தாள். நாளைக்கு மட்டும் அவள் பெயர் செல்லுபடியானால் அவர்களுக்குப் போதும். கமுக்கமாக ஒப்புதலைத் தள்ளிப்போட்டால் முடிந்தது காரியம். சத்தம் போடாமல் பேசுகிறவர்களை நம்பக் கூடாது என்று அவள் மனதுக்குள் திட்டித் தீர்த்தாள்.

விடிந்தும் ஒப்புதல் வரவில்லை.

வராவிட்டாலும் போவது என்று உப்பளத்து ஆட்கள் முடிவு செய்திருந்தார்கள். வண்டி நின்றால் இறங்கி நடப்பது. நடந்தால் கூட்டம் முடிந்த பிறகுதான் போய்ச் சேர முடியும் என்பது எல்லோருக்கும் தெரியும். பெண்கள் தூக்குவாளியில் பழைய சோறும் பாட்டிலில் தண்ணீரும் எடுத்துக்கொண்டார்கள். அஞ்சம்மாளின் புருஷன் சிங்காரு முதல் வண்டியில் ஏறி முன்னால் வந்து நின்றுகொண்டார். வைரக்கண்ணுவின் வண்டி முன்னால் போனது. ஒன்று மட்டுமாவது போய்ச் சேரும் அல்லவா. தையல்நாயகி அவர் பக்கத்து சீட்டில் டேப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வண்டியில் ஏறும்போது ஒரு பெண் அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். செய்தி ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது என்று அதிலேயே புரிந்தது.

மதகு நெருங்கும்போது எல்லோருடைய போனும் ஒன்றாகக் கத்தியது. அமைதி வட்டம் தொடங்குகிறது, வாகனங்களை ஓரமாக நிறுத்தவும் என்று.

தையல்நாயகி ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பின்னால் பார்த்தாள். இரண்டாவது வண்டி வந்துகொண்டிருந்தது. மூன்றாவது வந்தது. அதற்குப் பின்னால் ஒரு பழைய வேன், அதற்குப் பின்னால் ஆட்கள் பிதுங்கும் ஒரு லாரி. எஞ்சின் அடங்குகிற அந்தத் தொங்கலான சத்தம் இப்போது வரும், இதோ வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். மதகு வந்தது. மதகு போனது. ஒரு வண்டியும் நிற்கவில்லை.

வைரக்கண்ணு ஹாரனை அழுத்தினார். பின்னால் வந்த அத்தனை வண்டிகளும் அழுத்தின. மடியில் இருந்த டேப்பைப் பார்த்தாள். தையல்நாயகி, வேதாரண்யம், உரிமம் ரத்து என்று இருந்தது. ஒப்புதல் வந்துவிட்டது. மனிதர் கடைசியில் கொடுத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள். நேற்றுத் திட்டியதற்காகக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

ஆனால் இன்னொன்று அவளுக்கு உறுத்தியது. திருப்பூண்டி தாண்டியதும் எதிரும் புதிருமாக வெளியூர் வண்டிகள் வந்தன. கார், பால் வண்டி, மினி பஸ். இவை அவள் பூட்டியவை இல்லை. நாகப்பட்டினத்துக்காரரும் திருவாரூர்க்காரரும் பூட்டியவை. அவை நடுரோட்டில் நின்று வழியை அடைத்துக்கொள்ளும், சந்து பார்த்துத்தான் புகுந்து போக வேண்டியிருக்கும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். அவையும் நிற்கவில்லை. எல்லாமே ஓடிக்கொண்டிருந்தன. ஓரமாக நின்ற போலீஸ்காரர் ஒருவர் கையில் இருந்த கருவியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேளாங்கண்ணி ஆர்ச் அருகில் போகும்போது போன் வந்தது. கம்பெனித் தலைமை அலுவலகத்திலிருந்து என்றார் ஒருவர். மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் மூச்சு வாங்கியது. ஜெயசீலன் உங்களிடம் ஏதாவது சொன்னாரா என்று கேட்டார். இல்லை என்றாள். அவருடைய போன் அணைந்திருக்கிறது, வீட்டிலும் இல்லை என்றார். ஏன் தேடுகிறீர்கள் என்று அவள் கேட்டதும் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்.

“உங்க உரிமத்துக்கு ஒப்புதல் கொடுத்த கையோட, அவரோட உரிமத்தையும் ஒப்படைச்சிட்டாரும்மா. அதுக்கு ஒப்புதல் தர அவருக்கு மேல ஆளே கிடையாது. திருச்சியிலேருந்து கடற்கரை வரைக்கும் ஒரு ஆணையும் செல்லுபடியாகலை.”

மேலொப்பம், ஜெயசீலன், திருச்சி என்று நேற்றுத் திரையில் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அவர் எதைப் பார்த்தார் என்று தையல்நாயகிக்கு இப்போது விளங்கியது. அவளுக்குக் கீழே ஒரு தாலுகாதான். அவருக்குக் கீழே ஒரு மண்டலம்.

தலைமை அலுவலகத்துக்காரர் விடவில்லை. நடந்ததை மறந்துவிடலாம் என்றார். உரிமத்தைத் திருப்பித் தருகிறோம், சட்டத்துக்கு வழி இருக்கிறது என்றார். ஜெயசீலனின் இடத்தில் உங்களையே உட்கார வைக்கிறோம், இப்போதே டேப்பில் ஒரு கட்டைவிரல் வைத்தால் போதும் என்றார். அவசரம் என்று வரும்போது கம்பெனிக்கு எவ்வளவு தாராள மனசு வந்துவிடுகிறது பாருங்கள்.

வைரக்கண்ணு ரோட்டைப் பார்த்தே ஓட்டிக்கொண்டிருந்தார். காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது.

“அந்த நாற்காலிக்கு வேற ஆள் பாத்துக்குங்க சார்” என்றாள் தையல்நாயகி. “ஆள் கிடைக்கிற வரைக்கும் வண்டி ஓடட்டும்.”

போனை அணைத்துவிட்டாள். வைரக்கண்ணு ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுக் கியரை மாற்றினார்.

கூட்டம் நடக்கும் மண்டபத்தில் நாற்காலிகள் போதவில்லை. வழக்கம்போலக் காலியாக இருக்கும் என்று நினைத்துக் கொஞ்சமாகத்தான் போட்டிருந்தார்கள். அளத்து வெயிலில் கறுத்த பெண்கள் தரையில் உட்கார்ந்தார்கள், படியில் உட்கார்ந்தார்கள், மேடைக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்கள். அதிகாரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேச விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்க வேண்டும் என்று ஒரு குமாஸ்தா வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். சிங்காரு கொடுத்தார். வைரக்கண்ணு கொடுத்தார். பிறகு தையல்நாயகி போய் நின்றாள்.

பெயர் கேட்டார், சொன்னாள். ஊர் கேட்டார், சொன்னாள். தொழில் என்ன என்றார்.

“மெக்கானிக்.”

குமாஸ்தா எழுதிக்கொண்டே, அப்படியானால் உரிம எண் வேண்டுமே என்றார்.

“அது கிடையாது” என்றாள். “மெக்கானிக்னு மட்டும் எழுதுங்க.”

குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். அவளுக்குப் பின்னால் வரிசை வாசலைத் தாண்டி வெளியே ரோடு வரைக்கும் நின்றது. அவர் எழுதினார்.